இரண்டு பதிவேடுகளில் யோகமலர்

கல்லூரியைச் சோதிக்கக் கமிஷன் வருகிற சேதி அந்த ஊரில் முதலில் வாழையிலைக் கடைக்காரருக்குத்தான் தெரியும். பிறகு சமையல் மாஸ்டருக்கு, அதற்குப் பிறகு வாடகைக் கார்க்காரருக்கு. பாடம் நடத்துகிற வாத்தியார்களுக்குக் கடைசியில் தெரியும். முக்கூடலுக்கு மேற்கே, ஆற்றைப் பார்த்து நின்ற அந்தத் தனியார் கல்லூரியில் வாத்தியார்களுக்கு இருந்த மரியாதை அவ்வளவுதான்.

ஞானசம்பந்தன் அங்கே பதினோரு வருஷமாகப் பொருளாதாரம் நடத்திக்கொண்டிருந்தான். பதினோரு வருஷமும் தற்காலிகம். ஏப்ரல் கடைசியில் 'தங்கள் பணி நிறைவடைந்தது' என்று ஒரு தாள் வரும். ஜூன் மாதம் 'தாங்கள் நியமிக்கப்படுகிறீர்கள்' என்று இன்னொரு தாள் வரும். நடுவில் இருக்கிற மே மாதத்தில் யாராவது "என்ன வேலை பாக்கேரு?" என்று கேட்டால் அவன் பேச்சை மழைக்கு மாற்றிவிடுவான். முப்பத்தொன்பது வயதாகிவிட்டது. பெண்ணைக் கொடுத்த மாமனார்கூட இப்போதெல்லாம் விசாரிப்பதில்லை.

தொண்ணூற்றைந்தாம் வருஷம் ஜனவரியில், பொங்கல் முடிந்த மறுவாரம், கல்லூரிச் செயலாளர் சங்கிலிபூதத்தான் அவனைக் கூப்பிட்டு அனுப்பினார். ஊர் முழுக்க அவரை அண்ணாச்சி என்றுதான் சொல்லும்.

"உக்காரும் வே" என்றார் அண்ணாச்சி. "எம்.ஏ. எக்னாமிக்ஸ் கேட்டிருக்கோம். அடுத்த மாசம் யுனிவர்சிட்டியில இருந்து கமிஷன் வருது. நாலு வாத்தியார் காட்டணும். அதுல ஒருத்தர் டாக்டர் பட்டம் வாங்கினவரா இருக்கணும்ங்கான். கோர்ஸ் மட்டும் வந்துட்டுன்னு வையும், உமக்கு நிரந்தர ஆர்டர். கோயில் வாசல்ல நின்னு வேணும்னாலும் சொல்லுதேன்."

நாலு வாத்தியார் வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. காட்ட வேண்டும் என்றுதான் சொன்னார். காட்டுவது எப்படி என்பது அந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. கோவில்பட்டியிலிருந்து ஒருவர், வள்ளியூரிலிருந்து ஒருவர், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு காலை வண்டியில் வந்து இறங்குவார்கள். இரண்டு வருஷத்து வருகைப் பதிவேட்டை முன்னால் வைத்தால் ஒரே உட்காரலில் கையெழுத்துப் போட்டுத் தள்ளுவார்கள், பேனாவை மட்டும் அங்கங்கே மாற்றிக்கொண்டு. ஒரே மையாக இருந்தால் கமிஷனுக்குச் சந்தேகம் வரும் அல்லவா? மத்தியானம் இலையில் சாப்பிட்டுவிட்டுச் சாயங்கால வண்டியைப் பிடித்துவிடுவார்கள். டாக்டர் பட்டத்துக்கென்று நாகர்கோவிலில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் இருந்தார். போன வருஷம் ஒரே கமிஷன் தலைவர் அவரை மூன்று கல்லூரிகளில் பார்த்துவிட்டு, "கால் வலிக்கலையா சார்?" என்று கேட்டாராம். அத்தோடு மனுஷர் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை.

"புது முகம் வேணும் வே" என்றார் அண்ணாச்சி. "ஒரிஜினல் சர்டிபிகேட்டோட."

"எனக்கு ஒரு மேடத்தைத் தெரியும் அண்ணாச்சி" என்றான் ஞானசம்பந்தன். அந்த வாயை அதற்குப் பிறகு எத்தனையோ தரம் அவனே திட்டியிருக்கிறான்.

அந்த மேடம் யோகமலர். ஆற்றுப் பாலம் தாண்டி எட்டு கிலோமீட்டரில் இருந்த இலங்கை அகதிகள் முகாமில், பழைய குடோன் ஒன்றைச் சாக்கால் தடுத்துப் போட்ட அறைகளில் பதினேழாவது அறை. இலங்கையின் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் பதினான்கு வருஷம் பொருளியல் விரிவுரையாளராக இருந்தவள். டாக்டர் பட்டம் வட இந்தியாவில் படித்து வாங்கியது. புருஷன் ஒரு நாள் காலையில் சைக்கிளில் போனவர் திரும்பவில்லை. தொண்ணூறில் மகள் தர்சினியைக் கூட்டிக்கொண்டு படகேறி வந்துவிட்டாள். இங்கே அவளுக்கு வேலை என்று எதுவும் கிடையாது. முகாம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பாள், அதுவும் கரியால் சுவரில் எழுதி.

ஞானசம்பந்தன் அவளைத் தேடிப் போனது தன் ஆராய்ச்சிக்காக. பகுதிநேரமாக அவன் டாக்டர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தான். இந்தியாவிலும் இலங்கையிலும் கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்கள் எத்தனை பேர், ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர், முப்பது வருஷத்தில் எப்படிக் கூடியது, எப்படிக் குறைந்தது என்று ஒப்பிட வேண்டும். தலைப்பு நெறியாளர் கொடுத்தது. "ஒரு நாட்டை எண்ணினா அது கிளார்க் வேலைவே. ரெண்டு நாட்டை எண்ணினாத்தான் ஆராய்ச்சி" என்று அவர் சொல்லியிருந்தார்.

இந்தியப் பக்கம் லட்சங்களில் ஓடியது. இலங்கைப் பக்கம் ஆயிரங்களைத் தாண்டவில்லை. ஆனால் ஓர் இடம் அவனுக்கு இடித்தது. சண்டை முற்றிய வருஷங்களிலும் வடக்குப் பல்கலைக்கழகத்து ஆசிரியர் எண்ணிக்கை குறையவே இல்லை. குண்டு விழுந்த வருஷத்திலும் அதே எண். அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு முகாமுக்குப் போய் அவளிடம் காட்டினான்.

யோகமலர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். ஒரு காது கம்பி உடைந்து நூல் கட்டிய கண்ணாடி.

"சேர், இது ஆக்களிண்ட எண்ணிக்கை இல்லை" என்றாள். "அனுமதிச்ச பதவியளிண்ட எண்ணிக்கை. கதிரைகளை, உங்கட நாற்காலியளை எண்ணியிருக்கினம். அதில ஆர் இருக்கினம் எண்டு ஒருத்தரும் பாக்கேல்லை. இதில நானும் இருக்கிறன் போல, பாருங்கோ." சிரித்தாள். சிரித்துவிட்டு, "எங்கட பொருளியல் பகுதியில பதினொரு பேர். ரெண்டு பேர் செத்துப் போச்சினம். நாலு பேர் கனடா. ஒராள் எங்கயெண்டு தெரியாது. மூண்டு பேர் அங்கதான். நான் இஞ்ச" என்றாள்.

அதிலிருந்து மாதம் ஒரு முறையாவது போவான். அவள் இல்லாவிட்டால் அந்த ஒப்பீட்டின் பாதி அத்தியாயம் நின்றிருக்காது. நன்றிக்கு என்ன செய்ய என்று ஒரு நாள் கேட்டதற்கு, அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்கட ஆய்வில என்னை எந்த நாட்டிலயாவது ஒண்டா எண்ணிவிடுங்கோ" என்றாள். கேலியாகத்தான் சொன்னாள். அவனுக்கு ஏனோ அன்று தூக்கம் வரவில்லை.

இப்போது அவளிடம் போய்க் கமிஷன் கதையைச் சொன்னான். ஒரு நாள் வந்தால் போதும். பதிவேட்டில் கையெழுத்து, சான்றிதழ் காட்டுவது, கேட்ட கேள்விக்கு இங்கிலீஷில் பதில். தமிழில் பேசினால் ஊர் தெரிந்துவிடும்.

யோகமலர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பொய்தானே என்று அவள் சொல்லவில்லை. "இஞ்ச எண்ணிக்கை இருக்குது சேர்" என்றாள். "எந்த நாள் எண்டு முன்னுக்குச் சொல்ல மாட்டினம். ரெவின்யூ ஆபீசர் வந்து பேர் கூப்பிடேக்க ஆள் இல்லாட்டி வெட்டிப்போடுவினம். பேரை வெட்டினா அறை இல்லை, அரிசி இல்லை, தர்சினிக்குப் பள்ளிக்கூடமும் இல்லை. முகாமுக்கு வெளியில நிக்கிற ஆள் எண்டு பொலிஸ் வேற."

"அப்படி ஏதும்னா எனக்குத் தெரிஞ்சிரும் மேடம். எங்க ஆபீஸ் காஜாவோட மச்சான் அங்கனதான் தலையாரி. தகவல் வந்த மறு நிமிஷம் ஸ்கூட்டர்ல கொண்டாந்து விட்டுருதேன். இருபது நிமிஷம். இது என் பொறுப்பு."

அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். பிறகு கேட்டாள்: "அண்டைக்கு ஒரு வகுப்பு எடுக்க விடுவினமோ?"

பிப்ரவரி பதினாறாம் தேதி, வியாழக்கிழமை. காலை எட்டரைக்கே யோகமலர் வந்துவிட்டாள். நீலப் புடவை, முகாமில் யாரிடமோ இரவல் வாங்கியது. பிளாஸ்டிக் பையில் சுற்றின சான்றிதழ்களை மடியிலேயே வைத்துக்கொண்டு அலுவலகத்தில் உட்கார்ந்து இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாள். கோவில்பட்டிக்காரரும் வள்ளியூர்க்காரரும் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டே போட்டார்கள். அவள் மட்டும் ஒவ்வொரு தேதியையும் பார்த்துப் பார்த்துப் போட்டாள். இடப்பக்கம் சாய்ந்த கையெழுத்து. நடுவில் ஒரு தடவை நிமிர்ந்து, "இந்த நாள் எனக்குக் காய்ச்சல். முகாமில படுத்திருந்தனான்" என்றாள். கோவில்பட்டிக்காரர் இருமிக்கொண்டார்.

கமிஷன் பத்து மணிக்கு வர வேண்டும். ஆனால் கமிஷன் என்றால் முதலில் குளியல். வாடகைக் காரில் பாபநாசம் அருவிக்குக் கூட்டிப்போய், எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, கோயிலில் மாலை போட்டு, இட்லி கொடுத்து அழைத்து வருவது அண்ணாச்சியின் வழக்கம். குளிர்ந்த மனுஷன் குறை எழுத மாட்டான் என்பது அவர் கண்டுபிடிப்பு. அன்றைக்கு அருவியில் தண்ணீர் நன்றாக விழுந்ததாம். ஆள் வந்து சொன்னான்: பன்னிரண்டு ஆகும்.

"அப்ப நான் வகுப்புக்குப் போகட்டோ?" என்று யோகமலர் எழுந்தாள். ஞானசம்பந்தன் அவளை இரண்டாம் வருஷ பி.ஏ. வகுப்பில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பினான். வராந்தாவில் காஜா முகைதீன் நின்றுகொண்டிருந்தான். அலுவலக கிளார்க். ஞானசம்பந்தனோடு ஒன்றாகப் படித்தவன். நோன்பு மாதம், முகம் வாடியிருந்தது.

"வே, மச்சான் போன் பண்ணினான்" என்றான் காஜா தணிந்த குரலில். "முகாம்ல இன்னைக்கு எண்ணிக்கையாம். பதினோரு மணிக்கு ஆர்.ஐ. வாராராம். ஒரு மணிக்குள்ள முடிஞ்சிரும்."

ஞானசம்பந்தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பத்தே கால்.

"நோன்பு வச்சிக்கிட்டு இத நான் மறைக்க முடியாது. உம்மகிட்ட சொல்லிட்டேன். நீரு அந்தம்மாட்ட சொல்லிரும்" என்று காஜா போய்விட்டான்.

ஞானசம்பந்தன் வகுப்பை நோக்கித்தான் நடந்தான். அதில் சந்தேகமே இல்லை, சொல்லத்தான் போனான். ஸ்கூட்டர் சாவி சட்டைப் பையில் இருந்தது. இருபது நிமிஷம் போக, இருபது நிமிஷம் வர. பேர் கூப்பிட்டதும் ஓர் 'ஓம்' சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடலாம். ஆனால் வரிசையில் நிறுத்திவைத்தால்? அதற்குள் கமிஷன் வந்துவிட்டால்? 'டாக்டர் எங்கே?' என்று கேட்டால்? அண்ணாச்சி அவனைப் பார்ப்பார். அந்தப் பார்வையை நினைத்ததும் அவன் கால் ஜன்னலோரம் நின்றுவிட்டது. பாழாய்ப் போன கால்!

உள்ளே யோகமலர் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள். தேசிய வருமானம். முதலில் பையன்கள் அவள் பேச்சைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "கதைக்கிறதெண்டா பிறகு கதையுங்கோ, இப்ப எழுதுங்கோ" என்றதற்கு ஒரு சிரிப்பலை. அவளும் சேர்ந்து சிரித்தாள். பிறகு, "உங்கட அம்மா விடியக் காலமை எத்தினை மணிக்கு எழும்புறவ?" என்று ஒருத்தியைக் கேட்டாள். அங்கேயிருந்து பாடம் எப்படியோ கிளம்பிவிட்டது. சமையல், தண்ணீர் சுமப்பது, பீடி சுற்றுவது, எது கணக்கில் வரும், எது வராது, யார் தீர்மானிக்கிறது. ஒருத்தன்கூட வெளியே பார்க்கவில்லை. பதினோரு வருஷத்தில் ஞானசம்பந்தனுக்கு அந்த வகுப்பு ஒரு நாளும் இப்படி உட்கார்ந்தது கிடையாது. அவள் முந்தானையெல்லாம் சாக்பீஸ் தூள். முகாமில் அவன் பார்த்த பெண்ணே இல்லை இவள்.

மணி பதினொன்று ஆனது. பதினொன்றரை ஆனது. சந்தோஷமாக இருக்கிறாளே, இதைப் போய்க் கெடுப்பானேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். அந்த மாதிரி நல்ல காரணம் ஒன்று கிடைத்ததில் அவனுக்குக் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது. 

கமிஷன் வந்தபோது மணி ஒன்றே கால். மூன்று பேரும் தலை ஈரத்தோடு, நெற்றி நிறையச் சந்தனத்தோடு இறங்கினார்கள். தலைவர் சான்றிதழை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இங்கிலீஷில் நாலு கேள்வி கேட்டார். யோகமலர் சொன்ன பதிலில் அவருக்கே ஒரு சந்தேகம் தீர்ந்தது போலிருந்தது. "இந்த மாதிரி ஆளைப் பட்டிக்காட்டுல எப்படிப் பிடிச்சீங்க?" என்று அண்ணாச்சியிடம் கேட்டார். அண்ணாச்சி அடக்கமாகச் சிரித்துவிட்டு, "சாப்பிட வாங்க" என்றார். அவ்வளவுதான், எம்.ஏ. வந்துவிட்டது.

நாலு மணிக்கு அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். பாலத்தில் வண்டி பறந்தது. எண்ணிக்கை முடிந்து மூன்று மணி நேரம் ஆகிவிட்டது, இனி ஓடி என்ன, பறந்து என்ன? ஆனால் கை தானாக முறுக்கியது.

"பைய போங்கோ சேர்" என்று பின்னாலிருந்து சிரித்தாள் யோகமலர். மெதுவாக என்பதற்கு அவன் ஊர் சொல்கிற சொல்லையே அவனுக்குத் திருப்பிச் சொன்னாள். "என்ன அவசரம்? பிள்ளையள் அடுத்த கிழமையும் வருவியளோ எண்டு கேட்டதுகள்."

முகாம் வாசலிலேயே தர்சினி நின்றிருந்தாள். பள்ளிச் சீருடையைக்கூட மாற்றவில்லை. அம்மாவைப் பார்த்ததும் ஓடி வந்தாள். "அம்மா, எண்ணிக்கை வச்சவை. எங்களைப் பள்ளிக்கூடத்தால கூப்பிட்டவை. மூண்டு தரம் பேர் கூப்பிட்டவை. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா எண்டு நான் சொன்னனான். ஆபீசர் ஆஸ்பத்திரித் துண்டு காட்டச் சொல்லிக் கேட்டவர். இல்லை எண்டன். சிவப்புப் பேனையால வெட்டிப்போட்டார் அம்மா."

யோகமலர் ஸ்கூட்டரிலிருந்து இறங்கினாள். மகளைப் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்தாள்.

"அதுதானோ சேர் பாலத்தில அவ்வளவு கெதியா வந்தனீங்கள்?" என்றாள்.

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். போன் வரவில்லை, காஜா சொல்லவில்லை, எதையாவது. அவன் ஸ்கூட்டர் சாவியைத் திருப்பி அணைத்தான். அவள் சாக்பீஸ் தூள் படிந்த முந்தானையை உதறிக்கொண்டு, மகளின் தோளைப் பிடித்தபடி உள்ளே போனாள்.

இரண்டு நாள் கழித்து அவளே கல்லூரி வாசலுக்கு வந்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அன்றைக்கு எங்கே இருந்தாள் என்று எழுத்தில் ஓர் அத்தாட்சி ஏழு நாளில் கொடுத்தால் பேரைத் திரும்பச் சேர்ப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்று ரெவின்யூ ஆபீசில் சொன்னார்களாம். "அண்டைக்கு நான் இஞ்ச இருந்தனான் எண்டு ஒரு கடிதம். அவ்வளவுதான் சேர்" என்றாள்.

அவன் அண்ணாச்சியிடம் போய் நின்றான். அண்ணாச்சி கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. முழுக்கக் கேட்டார், உச்சுக்கொட்டினார்.

"பாவம்தான் வே. ஆனா லெட்டர்ல என்னத்த எழுதுவேரு? முகாம்ல இருந்து அன்னைக்கு ஒரு நாள் வந்த அம்மான்னு எழுதினா, ரெண்டு வருஷமா இங்கன கையெழுத்துப் போட்டிருக்கிற வாத்திச்சி யாரு? ரெண்டு வருஷமா இங்கன வேலை பாக்கான்னு எழுதினா, முகாம்ல இருந்துக்கிட்டு எப்படி வேலை பாத்தேன்னு போலீஸ் அவளைத்தான் பிடிக்கும். எப்படிப் பாத்தாலும் வம்பு. கோர்ஸ் போயிரும், உம்ம வேலையும் போயிரும்." மேஜை டிராயரைத் திறந்து ஒரு தாளை எடுத்து வைத்தார். ஞானசம்பந்தன் பேர் போட்ட நிரந்தர நியமனம். தேதி மட்டும் எழுதவில்லை. "வேணும்னா நீரே உம்ம கையெழுத்துல எழுதிக் கொடும். நான் தடுக்கல. ஆனா அது ஊருக்குத் தெரிஞ்சா, இத நான் கிழிச்சுப் போட வேண்டி வரும். வெள்ளிக்கிழமை வந்து சொல்லும்."

அன்று சாயங்காலமே அவன் கடிதத்தை எழுதிவிட்டான். நாலே வரி. 'இன்ன தேதியில் இன்னார் காலை எட்டரை முதல் மாலை நாலு மணி வரை எங்கள் கல்லூரியில் இருந்தார். நான் அழைத்ததன் பேரில் வந்தார்.' கீழே கையெழுத்து. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் கல்லூரிக்குப் போய் வந்தான். நாலாம் நாள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பாலம் வரை போனான். பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தி, கீழே ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பதினோரு மே மாதங்கள் ஞாபகம் வந்தன. வண்டியைத் திருப்பினான். வெள்ளிக்கிழமை அண்ணாச்சி தேதி எழுதிக் கொடுத்த தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

அதற்கு அப்புறமும் பத்து நாள் கழித்துத்தான் முகாமுக்குப் போனான். பதினேழாவது அறையில் வேறு குடும்பம் இருந்தது. சாக்குத் தடுப்புக்கு அந்தப் பக்கத்து ஆள் ஒருவர் சொன்னார்: வேன் வந்து தாயையும் மகளையும் வேறெங்கோ கொண்டுபோனார்களாம். இன்னொருத்தி, இல்லை, அவர்களாகவே மண்டபம் போய் ஊர் திரும்புகிற கப்பலுக்குப் பேர் எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்றாள். சுவரில் கரியால் போட்ட பெருக்கல் வாய்ப்பாடு பாதி அழிந்து இருந்தது. தர்சினியின் பள்ளிக்கூடத்தில் விசாரித்தான். நீண்ட நாள் வரவில்லை என்று பேரை எடுத்துவிட்டார்களாம்.

ஆராய்ச்சி அந்த வருஷக் கடைசியில் முடிந்தது. நெறியாளருக்கு ரொம்பத் திருப்தி. இந்தியப் பக்கத்துக்குப் பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட ஆசிரியர் பட்டியல்களைத்தான் ஆதாரமாக எடுத்திருந்தான். அவன் கல்லூரியில் பொருளாதாரத்துக்கு நாலு பேர். அதில் ஒன்று யோகமலர். இலங்கைப் பக்கத்துப் பதவிக் கணக்கிலும் அவள் அப்படியே இருந்தாள். எந்த நாட்டிலாவது ஒன்றாக எண்ணிவிடுங்கள் என்று கேட்டவளை இரண்டு நாடும் எண்ணியிருந்தன. அட்டவணையில் அந்த எண்களைத் தட்டச்சில் பார்த்த அன்று அவன் சோற்றில் கை வைக்கவில்லை. எழுந்து போய்ப் புறக்கடையில் உட்கார்ந்து அழுதான்.

வேலை மட்டும் நடந்துகொண்டிருந்தது. எம்.ஏ. தொடர வேண்டுமென்றால் நாலு பேர் தினமும் வந்தாக வேண்டும். கோவில்பட்டிக்காரருக்கும் வள்ளியூர்க்காரருக்கும் காஜா கையெழுத்துப் போட்டான். யோகமலரின் இடப்பக்கம் சாய்ந்த கையெழுத்து அவனுக்கு வரவில்லை. ஞானசம்பந்தனுக்கு வந்தது. முதலில் தன்னுடையதைப் போடுவான். பிறகு பேனாவை மாற்றிக்கொண்டு அவளுடையதைப் போடுவான். தினமும் காலையில், பத்து மணிக்கு முன்னால்.

மறு பிப்ரவரியில் மீண்டும் கமிஷன் என்றார்கள். காஜா முகைதீன் பதிவேட்டைப் புரட்டிவிட்டுத் தலையைச் சொறிந்தான். அந்த வருஷமும் நோன்பு மாதம்.

"வே, இந்த மேடம் ஒரு வருஷமா ஒரு நாள்கூட லீவு எடுக்கல. மனுஷியா மெஷினான்னு கேப்பான். ரெண்டு மூணு நாள் லீவு காட்டணும். லெட்டர் எழுதிக் கொடும்."

"போன வருஷம் பிப்ரவரி பதினாறு போடட்டுமா?"

"கிறுக்கா வே உமக்கு? அன்னைக்குத்தான் கமிஷன் கண்ணால பாத்துட்டுப் போயிருக்கே. வேற நாளு போடும்."

ஞானசம்பந்தன் வெள்ளைத் தாளை எடுத்தான். இடப்பக்கம் சாய்த்து எழுதினான். 'ஐயா, முகாமில் எண்ணிக்கை நடைபெறுவதால் இன்று என்னால் பணிக்கு வர இயலாது. எனக்கு ஒரு நாள் விடுப்பு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.' கீழே அவள் கையெழுத்து. தாளைக் காஜாவிடம் நீட்டினான்.

காஜா படித்தான். இரண்டாம் தரம் படித்தான். பிறகு தாளை நாலாகக் கிழித்துத் தன் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டான்.

"வேற எழுதும்" என்றான், அவன் முகத்தைப் பார்க்காமல்.

"என்ன காரணம் போட?"

"நோன்பு வச்ச வாயால நான் பொய் சொல்ல மாட்டேன் வே. நீரே ஒரு காரணம் எழுதும்."

ஞானசம்பந்தன் புதுத் தாளை எடுத்தான். காய்ச்சல் என்று எழுதினான்.